மீட்டிங்குக்கு வர்ற கூட்டம் பூத்துக்கு ஏன் வர்றதில்லைங்க?

நீங்க கேட்டதை ஒருதடவை என் வார்த்தையில சொல்லிக்கறேன், தப்பா புரிஞ்சிருந்தா சொல்லுங்க. பல்லடம் பக்கம் உங்க ஏரியாவுல மீட்டிங் போட்டா கூட்டம் வருது, மாரியம்மன் நோம்பிக்கு பசங்க கொடியோட நிக்கறாங்க, வாட்ஸ்அப் குரூப் பூராவும் உங்க பக்கத்துப் பேச்சுதான், ஆனா எண்ணும்போது உங்க பூத்துல மூணாவது எடம். அமெரிக்காவுல வலதுசாரிக்காரங்க வீடு வீடா கதவத் தட்டி ஆளைக் கூட்டிட்டு வந்து ஜெயிக்கறாங்களாமே, அதை நம்ம கொங்குல செய்ய முடியுமா, இல்ல பூத் கமிட்டிங்கறதே மேலிடத்துக்குக் கணக்கு காட்டற வேலையா, இதானுங்களே? இதுல ரெண்டு கேள்வி கலந்து கெடக்குது. கதவத் தட்டுனா ஓட்டு வருமாங்கறது ஒண்ணு. நம்ம பக்கம் இவ்வளவு ஆளு இருக்குதுன்னு நெனைக்கறமே அது நெசமாங்கறது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் உங்களை உறுத்துதுன்னு எனக்குப் படுது. நான் ஈரோடு, திருப்பூர் பக்கம் ரொம்ப வருசமா பூத் ஏஜெண்டா இருந்து, பொறவு தொகுதி அளவுல வாக்காளர் பட்டியல் வேலை பாத்தவன். ரெண்டு கட்சிக்குப் பாத்திருக்கேன், ரெண்டும் நீங்க சொல்ற வலது பக்கம்தான். கோவை சிட்டிக்குள்ள எனக்குப் பழக்கம் கம்மி, நீலகிரி சுத்தமா இல்ல, அதனால நான் சொல்றதை ஒரு நாலஞ்சு மாவட்டத்துக் கதையா எடுத்துக்கங்க.

மொதல்ல அந்த அமெரிக்கா சமாச்சாரம். அங்க இதை ஆராய்ச்சியாவே பண்ணிப் பாத்திருக்காங்க. 1998ல நியூ ஹேவன்ங்கற ஊர்ல கெர்பர், கிரீன்னு ரெண்டு பேராசிரியருங்க வீடுகளைக் குலுக்கல் முறையில பிரிச்சு, சில வீட்டுக்கு நேர்ல ஆளு அனுப்பி, சில வீட்டுக்குப் போன் பண்ணி, சில வீட்டுக்குத் தபால் போட்டுப் பாத்தாங்க. நேர்ல போய்ப் பேசுன ஆளுங்ககிட்ட ஓட்டுப் போடறது 8, 9 சதவீதம் வரைக்கும் ஏறுச்சு, தபாலுக்கு அரை சதவீதம், போனுக்கு ஒண்ணுமே இல்ல. 2004ல புஷ் கட்சிக்காரங்க கடைசி 72 மணி நேரம்னு ஒரு திட்டமே வெச்சு தன்னார்வலர்களை எறக்கி விட்டாங்க, வலதுசாரிக்காரங்க வீடு வீடா போறாங்கன்னு நீங்க படிச்சது அநேகமா அந்த வழியில வந்ததாத்தான் இருக்கும். இதெல்லாம் உறுதியான விசயம். ஆனா இதுக்கு அடுத்த பாதியை யாரும் சொல்றதில்லீங்க. 2018ல கல்லா, புரூக்மேன்னு இன்னும் ரெண்டு பேரு 49 சோதனைகளைச் சேத்து வெச்சுப் பாத்தப்ப, பொதுத் தேர்தல்ல இந்த மாதிரி பிரச்சாரத்தால ஒருத்தன் மனசு மாறி அடுத்த கட்சிக்குப் போடறது சராசரியா பூஜ்யம்னு வந்துச்சு. அதாவது கதவத் தட்டுனா ஏற்கனவே உங்க பக்கம் இருக்கறவன் சோம்பேறித்தனம் பண்ணாம பூத்துக்கு வருவான், அவ்வளவுதான், எதிர்க்கட்சிக்காரன் உங்க பேச்சைக் கேட்டுத் திருந்திட மாட்டான்.

அங்க ஜனாதிபதி தேர்தல்லயே 60 சதவீதம் போட்டா பெரிய விசயம், ரெண்டு ஜனாதிபதி தேர்தலுக்கு நடுவுல வர்ற தேர்தல்னா 2014ல 36க்கு எறங்கிருச்சு, அதனால வீட்டுல உக்காந்திருக்கறவனைக் கெளப்பறதே பாதி வெற்றி. நம்மூர்ல அப்படிங்களா? 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல கரூர், நாமக்கல் ரெண்டுலயும் 78 சதவீதத்துக்கு மேல. லிஸ்ட்ல செத்தவங்க, குடி போனவங்க, ரெண்டு எடத்துல பேர் இருக்கறவங்களைக் கழிச்சுட்டா, ஊர்ல இருந்த ஆளு கிட்டத்தட்ட எல்லாருமே போட்டுட்டாங்கன்னுதான் அர்த்தம். கோவை மட்டும் 65 கிட்ட நின்னுச்சு, அங்க வேணா அமெரிக்கா கணக்கு கொஞ்சம் பொருந்தும். கிராமத்துப் பூத்துல ஆளைக் கெளப்பற வேலையே கெடையாது, யாரு நம்மாளுன்னு தெரிஞ்சுக்கற வேலைதான் வேலை. அதுலதான் நம்மாளுங்க கோட்டை விடறாங்க.

ஏன்னா நம்ம கொங்குல யாரும் மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. நீங்க எந்தக் கொடியோட போனாலும் "வாங்க சாமி, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா"ன்னு கேட்டுட்டு, "ஆகட்டுங்க, பாத்துக்கலாங்க"ன்னு வழியனுப்பி வெப்பாங்க. புதுசா வந்த பசங்க வெளிய வந்ததும் லிஸ்ட்ல டிக் அடிச்சுக்குவாங்க. அந்த "பாத்துக்கலாங்க" இருக்கே, அது முக்காவாசி இல்லைன்னுதான். கேள்வியே கேக்காம சிரிச்சு அனுப்புனாலும் இல்லைதான். எந்த வீட்டுல சண்டைக்கு வர்றாங்களோ, "எங்கூட்ல அஞ்சு ஓட்டு, சின்ன மருமவ பேரு இன்னும் ஏறவே இல்ல, போன தடவையும் எழுதிட்டுப் போனீங்க, என்ன புடுங்குனீங்க"ன்னு அந்த ஆத்தா கத்துதோ, அந்த வீடு உங்க வீடு. போடப் போறவங்களுக்குத்தான் லிஸ்ட்டுல பேர் இருக்குதா இல்லையாங்கற கவலை வரும். இதுக்கு ஆராய்ச்சி எல்லாம் இல்ல, என் கண்ணுல பாத்ததுதான், ஆனா எண்ணி முடிச்சதுக்கப்புறம் ஒப்பிட்டுப் பாத்த வரைக்கும் பெருசா பொய்க்கலை.

வடக்க இருந்து வந்த பன்னா பிரமுக் முறை ஒண்ணு இருக்குது, கேள்விப்பட்டிருப்பீங்க. வாக்காளர் பட்டியல்ல ஒரு பக்கத்துக்கு 30 பேரு, அந்த ஒரு பக்கத்துக்கு ஒருத்தன் பொறுப்பு, கேக்கறதுக்குப் பிரமாதமா இருக்கும். இங்க நடக்கறது என்னன்னா, ஒன்றியத் தலைவர் வீட்டுல உக்காந்து ராத்திரி எட்டு மணிக்குப் பேர் எழுதுவாங்க, பாதிப்பேருக்கு அவங்கதான் பக்கப் பொறுப்பாளர்னே தெரியாது, மேல இருந்து போன் வந்தா "ஆமாங்க ஆமாங்க"ன்னு சொல்லச் சொல்லி வெச்சிருப்பாங்க. நீங்க கணக்கு காட்டற வேலைன்னு சொன்னது இதைத்தான்னா, சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. அதுக்காக முறையே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், திராவிடக் கட்சிங்க இதே வேலையை வேற பேர்ல பல வருசமா செய்யறாங்க, கிளைச் செயலாளர், பாக முகவர்னு, ஒரே வித்தியாசம் அந்தக் கிளைச் செயலாளர் கல்யாணம், சாவு, வெட்டு குத்துன்னு எல்லாத்துக்கும் அந்தத் தெருவுலயே நிக்கற ஆளு. உங்க பக்கப் பொறுப்பாளர் தேர்தலுக்கு மூணு மாசம் முன்னாடி மொளைச்சவர்.

இப்ப நேரம், எடம் பத்தி. தோட்டத்து சாளையில இருக்கறவங்களைப் பகல் பதினொரு மணிக்குத் தேடிப் போனா நாயும் வயசான அப்பாருவும்தான் இருப்பாங்க. வெடியால ஆறு மணிக்குப் பால் சொசைட்டிக்குப் போய் நின்னு பாருங்க, அந்தப் பக்கத்து 30 பேர்ல பத்து வீட்டு ஆளு கேனோட வந்து போவாங்க, யாரு யாரோட பேசறாங்க, யாரு வந்தா பேச்சு நிக்குதுன்னு பாத்தாவே பாதி லிஸ்ட் தெரிஞ்சுரும். எனக்குத் தெரிஞ்ச நல்ல பூத் ஆளு ஒருத்தர், சொசைட்டியில பால் அளக்கறவரு, வீடு வீடா அவரு போனதே இல்ல. மடிச்சு மடிச்சு நைஞ்சுபோன ஒரு லிஸ்ட் வெச்சிருப்பாரு, பேருக்குப் பக்கத்துல பென்சில்ல சின்னதா கோடு, வட்டம், சிலதுக்கு ஒண்ணுமே இருக்காது, யாராச்சும் கேட்டா "எழுதலைன்னா எனக்குத் தெரியலைன்னு அர்த்தமுங்க"ன்னுவாரு. தெரியலைன்னு விட்டு வெக்கற தைரியம் கட்சிக்காரங்ககிட்ட ரொம்ப கொறைச்சல்.

திருப்பூர் பக்கம் லைன் வீட்டுக் கதை வேற. கம்பெனியில ஒன்றரை ஷிப்ட் ஓடுனா ராத்திரி எட்டரைக்கு மேலதான் ஆளு கெடைக்கும், அதுலயும் தேனி, மதுரைன்னு வெளியூர்க்காரங்க நெறையப் பேருக்கு ஓட்டு சொந்த ஊர்ல, எலெக்சன் அன்னிக்கு பஸ் ஏறிப் போயிருவாங்க. இங்கயே பத்து வருசமா இருக்கறவங்களை ஃபார்ம் 8 போட்டு மாத்தச் சொல்லலாம், புதுசா 18 ஆனவங்களுக்கு ஃபார்ம் 6, செத்தவங்களை எடுக்க ஃபார்ம் 7. இந்த மூணு ஃபார்ம்தான் உங்க வேலையில பாதின்னு நான் சொன்னா பசங்களுக்குச் சப்புன்னு போயிருது, ஏன்னா இதுல கொடியும் இல்ல கோசமும் இல்ல. 2024ல கோவையில ஓட்டுப் போட்ட அன்னிக்கு நெறைய பேர் விடுபட்டுப் போச்சுன்னு பெரிய சத்தம் வந்துச்சு, ஒரு லட்சம் பேருன்னுகூட பாஜக தரப்புல சொன்னாங்க, அந்த எண்ணிக்கையை நான் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன், ஆனா வரைவுப் பட்டியல் வந்தப்ப ஒவ்வொரு பூத்துலயும் ஒருத்தன் உக்காந்து படிச்சிருந்தா அன்னிக்கு அழ வேண்டியதில்ல. 2025 கடைசியில எஸ்.ஐ.ஆர்.னு வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்து, டிசம்பர் வரைவுப் பட்டியல்ல மாநிலம் பூரா 97 லட்சம் பேர் கழிஞ்சப்பவாச்சும் எல்லாரும் முழிச்சாங்களான்னா, எல்லாக் கட்சியிலயும் பி.எல்.ஏ.வா, அதாவது கட்சியோட பூத் முகவரா, பேர் குடுத்தவன்ல எத்தனை பேர் பி.எல்.ஓ.ங்கற அரசாங்கத்து பூத் அலுவலர் கூட தெருவுல நடந்தாங்கன்னு உங்க ஊர்லயே விசாரிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, இதைச் சொன்னா நம்மாளுங்களுக்குக் கோவம் வரும். ஊருக்குள்ள ஒவ்வொரு வீடா போறவங்க, காலனிப் பக்கம் வந்ததும் "அது அவங்க ஓட்டுங்க"ன்னு சொல்லி மொத்தப் பக்கத்தையும் ஒரே கோடா அடிச்சுட்டுத் திரும்பிருவாங்க. போனதே இல்ல, எப்படித் தெரியும்? அருந்ததியர் மக்களுக்கு 2009ல திமுக ஆட்சியில 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்துச்சு, அதுக்கு நன்றியா ஒரு பங்கு ஓட்டு அங்க போறது உண்மை. ஆனா ரெட்டை எலைக்கும் அங்க நல்ல ஓட்டு இருந்துச்சு, எம்ஜிஆர் படம் மாட்டுன வீடு இன்னிக்கும் இருக்குது. அந்த வீட்டு வாசல்ல உக்காராம, டீக்கடையில அவங்க டம்ளரை இன்னும் தனியா வெச்சுக்கிட்டு, கலாச்சாரம் பாரம்பரியம்னு மைக்ல பேசுனா எவன் போடுவான். பொம்பளையாளுங்க விசயமும் இப்படித்தான், தமிழ்நாட்டுல ஆம்பளைங்களைவிட பொம்பளை வாக்காளருங்க எச்சு, நம்ம டீம்ல பைக்ல வர்ற இருவது பசங்க, வீட்டுக்குள்ள போய் உக்காந்து பேச ஒரு அக்கா கெடையாது.

சரி, இத்தனையும் செஞ்சா எவ்வளவு மாறும்னு கேப்பீங்க. இங்கதான் உறுதியானதும் சந்தேகமானதும் பிரியுது. 2021ல மொடக்குறிச்சியில பாஜக ஜெயிச்சது 281 ஓட்டுல, கோவை தெற்குல 1,728ல. 281ங்கறது ஒரு தொகுதியில பூத்துக்கு ஒரு ஓட்டுன்னுதான் வரும், அந்த எடத்துல ஒரு பால் சொசைட்டிக்காரர் ஒரு எம்எல்ஏவை உண்டு பண்ணுனார்னே சொல்லலாம். ஆனா 2024ல கோவையில திமுக 1,18,068 வித்தியாசத்துல ஜெயிச்சுது, அதை எந்தப் பூத் கமிட்டியாலயும் தாண்டியிருக்க முடியாது. என் மதிப்பு, நல்லா வேலை செஞ்ச பூத்துக்கும் செய்யாத பூத்துக்கும் ரெண்டு மூணு சதவீதம் வித்தியாசம் வரும், இது அனுபவத்துல சொல்றது, நிரூபிச்ச கணக்கு கெடையாது. இந்தத் தொகுதியில அண்ணாமலைக்கு 4,50,132, அதிமுகவுக்கு 2,36,490, கூட்டுனா திமுகவோட 5,68,200ஐத் தாண்டுது, அதனால சேந்து நின்னிருந்தா ஜெயம்னு டீக்கடையில எல்லாரும் கூட்டல் போடுவாங்க. எனக்கு அதுல நம்பிக்கை பாதிதான். அதிமுகவுக்குப் போட்ட ஆளுங்கள்ல ஒரு பங்கு தாமரை கூடச் சேந்தா சூரியனுக்குப் போயிருவாங்க, எவ்வளவுன்னு தொகுதிக்குத் தொகுதி மாறும். மறுபக்கம், கூட்டணி இல்லாம வலதுசாரி இங்க ஜெயிச்சதும் இல்ல. சி.பி.ராதாகிருஷ்ணன், இப்ப துணை ஜனாதிபதி, 1998ல கோவையில ஜெயிச்சப்ப அதிமுக கூட, 1999ல திமுக கூட. 98ல அந்தத் தேர்தல் நேரத்துல, பிப்ரவரி 14ஆம் தேதி குண்டு வெடிச்சு 58 பேர் செத்தாங்க, அந்த ஓட்டுல எவ்வளவு பயம், எவ்வளவு கூட்டணி, எவ்வளவு ஆர்.எஸ்.எஸ். சங்கத்துக்காரங்க வேலைன்னு பிரிச்சுச் சொல்றவங்களை நான் நம்பறதில்ல.

உங்க ரெண்டாவது கேள்வி, நம்ம பக்கம் அவ்வளவு ஆளு இருக்குதா. கொங்கு ஊறுன வலதுசாரி பூமின்னு ஒரு பேச்சு உண்டு, 2021 சட்டமன்றத்துல கோவை மாவட்டத்து 10 தொகுதியும் அதிமுக கூட்டணிக்குப் போனதும் அது உறுதியான மாதிரி இருந்துச்சு. ஒம்போது மாசம்தான், 2022 பிப்ரவரியில கோவை மாநகராட்சியில 100 வார்டுல 96 திமுக கூட்டணிக்கு, பாஜகவுக்கு ஒண்ணுகூட இல்ல. 2024ல திமுக சார்புல எம்பி ஆன கணபதி ராஜ்குமார் அதுக்கு முன்னாடி அதே ஊர்ல அதிமுக மேயரா இருந்தவரு, அவரையே ஊர் ஏத்துக்குச்சு. சாமி கும்பிடறது, சொத்து பத்து, தொழில், பெரியவங்களுக்கு மரியாதை, இதெல்லாம் நம்ம ஊர்ல கெட்டியா இருக்கறது நெசம். ஆனா அது ஓட்டா மாறும்னு இல்ல. எங்க தொழில்ல கவர்மெண்ட் தலையிடக் கூடாதும்போம், விசைத்தறிக்கு இலவச யூனிட் கொறைஞ்சா ரோட்டுல உக்காருவோம். விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு அய்யா காலத்துல மின்கட்டணத்துக்காக மாட்டு வண்டியைக் கொண்டுவந்து கோவையையே நிறுத்துனாங்க, 1970ல பெருமாநல்லூர்ல துப்பாக்கிச்சூட்டுல 3 விவசாயிங்க செத்தாங்க, இந்தியாவுலயே இப்படி அடிமட்டத்துல ஆளைத் திரட்டுன எடம் கம்மி. ஆனா அந்தக் கூட்டம் ஓட்டா மாறலை. 1996ல மொடக்குறிச்சியில விவசாயிங்க எதிர்ப்பு காட்ட 1,033 பேர் வேட்பாளரா நின்னு, ஓட்டுச்சீட்டைப் புத்தகமா அச்சடிக்க வெச்சாங்க, ஜெயிச்சது திமுக. பச்சைத்துண்டு போட்டுப் போராட்டத்துக்கு வந்த அதே மனுசன் ஓட்டுன்னு வந்தா பழைய சின்னத்துக்குப் போயிட்டான். உங்க மீட்டிங் கூட்டமும் இதே ரகம்தான், அவங்க பொய்யா வரலை, மீட்டிங்குக்கு வர்றதும் ஓட்டுப் போடறதும் அவங்களுக்கு ரெண்டு வேற காரியம்.

காசைப் பத்திச் சொல்லாம விட்டா நீங்களே கேப்பீங்க. 2016ல அரவக்குறிச்சியில பண விநியோகத்தால தேர்தலையே ரத்து பண்ணி நவம்பர்ல மறுபடி நடத்துனாங்க, நம்ம பக்கத்துச் சேதிதான். எல்லாப் பக்கமும் வாங்கறாங்க, வாங்கிட்டு இஷ்டத்துக்குப் போடறவங்களும் நெறைய, ஆனா ஒருத்தர் குடுத்து இன்னொருத்தர் குடுக்கலைன்னா நடுவுல நிக்கற ஆளு அசையறது உண்டு. குடுத்தாலும் வாங்குனாலும் குத்தம், மதத்தையோ ஜாதியையோ சொல்லி ஓட்டுக் கேக்கறதும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆவது பிரிவுல வருது, ஜெயிச்ச தேர்தலே கோர்ட்டுல செல்லாமப் போயிரலாம், பசங்க வாட்ஸ்அப்ல போடறதுக்கு முன்னாடி இதைச் சொல்லி வைங்க. வாட்ஸ்அப்னா 2023 மார்ச் ஞாபகம் வருது, பீகார் ஆளுங்களை அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ சுத்தி, திருப்பூர்ல தறியும் தையலும் ஆளில்லாம நின்னுருமோன்னு மொதலாளிங்க ஆடிப் போனாங்க. அனுப்புனவங்க யாருக்கு ஓட்டு கெடைச்சுதுன்னு தெரியலை, நமக்கு ஆர்டர்தான் போயிருக்கும்.

ஓட்டு நாள்ல சின்னச் சின்ன விசயம்தான் முக்கியம். ஏழு மணி ஓட்டுக்கு அஞ்சரைக்கே மாதிரி ஓட்டு நடக்கும், 50 ஓட்டாச்சும் போட்டுக் காட்டணும், நம்ம ஏஜெண்ட் அப்ப தூங்கிட்டு இருந்தா அந்த பூத்தை மறந்துருங்க. 200 மீட்டருக்கு வெளிய மேசை போட்டு, வெள்ளைத்தாள்ல, கட்சிப் பேரோ சின்னமோ இல்லாத சிலிப் குடுக்கணும். மூணு மணிக்கு யாரு வரலைன்னு பாத்து, பேச்சில்லாம ஒரு ஆட்டோவை அம்மிச்சி வீட்டுக்கு அனுப்பறதுதான் உங்க அமெரிக்கா முறை, நம்ம ஊர்ல அது எப்பவும் இருந்ததுதான், வண்டி வெச்சு ஆளைக் கொண்டாறதுன்னா கட்சி வண்டிக்குச் சட்டத்துல தடை, அதனால சொந்த பந்தமா அவங்கவங்க கூட்டிட்டு வரணும். 85 வயசுக்கு மேல இருக்கறவங்க வீட்டுலயே போட 12டி ஃபார்ம் இருக்குது, அறிவிப்பு வந்து அஞ்சு நாளுக்குள்ள குடுக்கணும், கடைசி நேரத்துல ஓடி வர்றதுல பிரயோசனம் இல்ல. முடிஞ்சதும் பூத்துல பதிவான ஓட்டுக் கணக்கு இருக்கற 17சி ஃபார்ம் நகலைக் கையெழுத்தோட வாங்காம எந்திரிக்காதீங்க.

நீங்க இப்ப செய்யறதுக்கு ஒண்ணு சொல்றனுங்க. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்டுல ஃபார்ம் 20ன்னு பூத்வாரியா ஓட்டு விவரம் கெடைக்கும், 2021, 2024 ரெண்டையும் எறக்கி உங்க பூத்தையும் பக்கத்து நாலு பூத்தையும் எடுங்க. ஒரு பூத்துக்கு 1,500 பேர்னு இருந்ததை இப்ப 1,200ன்னு கொறைச்சதால எண் மாறியிருக்கும், அதனால பாக எண்ணை வெச்சுத் தேடாதீங்க, பள்ளிக்கூடத்துப் பேரையும் தெருப் பேரையும் வெச்சுப் பொருத்துங்க. உங்க பூத் மட்டும் மூணாவதா, பக்கத்துலயும் மூணாவதான்னு அதுலயே தெரிஞ்சுரும். பக்கத்துல ரெண்டாவதா இருந்து உங்களது மட்டும் மூணாவதுன்னா ஆளு சரியில்லை, எல்லாமே மூணாவதுன்னா நான் மேல சொன்னதுல ரெண்டாவது கேள்விதான் உங்க கேள்வி. அந்த அஞ்சு பூத்துக் கணக்கையும் இங்க போட்டீங்கன்னா மேல பேசலாமுங்க.